டூப்ளிகேட் அண்ணாவும் இரண்டு மேரிகளும்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘ரமேஷ்’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தப் பத்துப் பேரிடமும் பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் நகராத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் டூப்ளிகேட்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவார். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், “மாப்ள பேரு குமாருன்னு போட்டுக்குது. எந்தக் குமாரு?” என்று கேட்பார். ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் மூன்று பிரியாக்கள் சேர்ந்த வாரம் மனிதர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நாங்கள் ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக வாங்கியவர்கள் அவர்கள். நான்குக்கும் தனித்தனி டேட்டாபேஸ். ஒரே நோயாளி ஓரிடத்தில் 412, இன்னோரிடத்தில் 9077. நான்கையும் இணைத்து, ஒருவரைத் திறந்தால் அவருடைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒரே திரையில் வரவேண்டும். நான் டீம் லீடர். அண்ணா என் டீமில் இருந்தார், என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

“பேரும் போன் நம்பரும் ஒத்துப்போனா சேர்த்துடலாமே அண்ணா?” என்றேன்.

“இன்னா மேடம் சொல்றீங்க? தங்கவயல்ல எங்க லைன் வூடுங்கள்ல ஏழு வூட்டுக்கு ஒரே போனு இருந்த காலம் உண்டு. பேரு ஊருக்கே பொது. ஒரே ஆளை ரெண்டா வெச்சிருந்தா நமக்குத்தான் தொல்லை. ரெண்டு பேரை ஒண்ணாக்கிட்டா ஒரு ஆளே காணாமப் பூடுவாரு.”

ஆளுக்கொரு புது எண், அதன் கீழே நான்கு ஆஸ்பத்திரியின் பழைய எண்கள், சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்ட பிறகே சேர்ப்பது. இதுதான் அவர் திட்டம். காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். “அம்மா, நீங்க ஒருத்தரா, ரெண்டு பேரா?” என்று அவர் கேட்க, எதிர்முனையிலிருந்து வரும் வசவு எங்கள் மேஜைவரை கேட்கும். பொறுமையாக வாங்கிக்கொண்டு, ‘ஒருத்தர்தான்’ என்று குறித்துக்கொள்வார்.

மேனேஜருக்குப் பத்தே நாளில் வேலை முடிய வேண்டும். அக்கா மகள் கல்யாணத்துக்காக அண்ணா மூன்று நாள் லீவில் போனார். நான் பெயரையும் போன் நம்பரையும் வைத்து எல்லாவற்றையும் இணைத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வந்த அண்ணா தன் சீட்டில் உட்கார்ந்து தப்பு தேட ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்தார்.

“செத்தப்புறமும் டெஸ்ட் எடுத்துக்கினவங்க யாருனா இருக்காங்களான்னு தேடினேன் மேடம். ஒருத்தர் இருக்காங்க.”

பெயர் மேரி. மார்பில் எடுத்த சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. யாருக்கும் தகவல் போகவில்லை. இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போய் ஒரு குடும்பம் சண்டைக்கு வந்ததிலிருந்து, இறந்தவர்களுக்கு எந்த மெசேஜும் போகாது, டாக்டரின் பட்டியலிலும் பெயர் வராது. அந்த விதியை வைத்தவளும் நான்தான்.

“லீகல் டீம் முடிவு பண்ணட்டும். பேஷண்ட்கிட்ட யாரும் பேசக்கூடாது” என்றார் மேனேஜர். அண்ணா பையைத் தோளில் மாட்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சந்து. வாசலில் தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும்.

“மேரிங்கிறது...?”

“பெரிய மேரி என் மாமியாரு. மூணு மாசம் முன்னாடி போயிட்டாங்க. நான் சின்ன மேரி. இன்னா விசயம்?”

அண்ணா மெதுவாகச் சொன்னார். “ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே போன் நம்பரு. உங்க மாமியார் செத்ததை கம்ப்யூட்டர்ல உங்க பேர்லயும் ஏத்திட்டாங்கம்மா. அதான் ரிப்போர்ட்டு உங்களுக்கு வரல. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“ஏத்தினது நான்தான்” என்றேன்.

மேரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மெசேஜ் வரல, அப்ப ஒண்ணுமில்லன்னு மாதா கோயில்ல மெழுகுவத்தி கூட ஏத்திட்டு வந்துட்டேனே மேடம்.” தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தாள். “செத்தவ போட்ட காபி குடிக்கிறீங்களா?”

குடித்தோம். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “சார், இவங்க இறந்துட்டாங்களே” என்றார்.

“இறந்தவங்க ரொம்ப நேரமா நின்னுக்கினு கீறாங்க. மொதல்ல ஒரு சேர் போடுப்பா” என்றார் அண்ணா.

விசாரணையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அனுமதியில்லாமல் நோயாளியைச் சந்தித்ததற்காக அண்ணாவின் வேலை போனது. நானும் ராஜினாமா செய்திருக்க வேண்டும். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இணைத்ததையெல்லாம் பிரித்து, அவர் திட்டப்படியே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டு மறுபடி சேர்த்தேன். முடிக்க எட்டு மாதம் ஆனது.

மேரி பதினோரு மாதம் இருந்தாள். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் அவள் புருஷன் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்களும் விலகியே நின்றார்கள். தங்கவயலிலிருந்து வந்திருந்த டூப்ளிகேட் அண்ணா கூட்டத்தைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார். “காலைல ஏதாச்சும் சாப்டீங்களா மேடம்?” என்றார். இல்லை என்றேன். வெளியே அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு பஸ் ஸ்டாப்பில் கூடவே நின்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். என் பஸ் வந்து, நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் நடந்தார்.