பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய விதம் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
நவம்பர் 12

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை கிறிஸ்டோ அவர்களுக்கு,

மாமனார் சாம்ராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் இங்கே நானும் உங்கள் அத்தை பாக்கியவதியும் சுகம். உங்கள் காரும் சுகம். போலந்து குளிரில் நீங்களும் ஷைலாவும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஜெபத்தில் சொல்லி வருகிறோம்.

கார் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று முறை மெசேஜ் போட்டிருந்தீர்கள். முதல் முறை நான் கும்பிடுகிற கை படம் அனுப்பினேன். இரண்டாம் முறை பூங்கொத்து. மூன்றாம் முறை நம் சபையின் காலண்டர். கேட்ட போட்டோவை மட்டும் அனுப்பவில்லை, மன்னிக்கவும். கிறிஸ்துமஸுக்கு வந்ததும் காரை பெங்களூருக்கு எடுத்துப்போய் உங்கள் ஆபீஸ் சிநேகிதருக்கு விற்றுவிடப் போகிறீர்கள், 'மாமனார் வீட்டு நிழலில் நின்ற வண்டி, ஓடவே இல்லை' என்று அவரிடம் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள் என்று ஷைலா சொன்னாள். அந்த இடத்தில்தான் ஒரு சின்னச் சிக்கல். நீங்கள் விட்டுவிட்டுப் போனபோது மீட்டரில் பதினாலாயிரத்து இருநூறு. இன்று காலை பார்த்தேன், இருபத்துநாலாயிரத்து இருநூற்று ஆறு. போனில் சொன்னால் ஷைலா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கத்துவாள், எனக்கும் பேச்சு வராது. எங்கள் மைன்ஸில் ஒரு மெஷினுக்கு எது நடந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டவன் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் ஹவுஸில் இருந்தவன் நான், ஆகவே எழுதுகிறேன்.

போன வருஷம் நவம்பர் பத்தாம் தேதி, புது ஆயில் மாற்றி, சாவியை என் கையில் கொடுத்து, "மாமா, பத்தாயிரம் கிலோமீட்டர் இல்லைன்னா ஒரு வருஷம், அப்ப ஆயில் மாத்திடுங்க, அவ்ளோதான்" என்று சொன்னீர்கள். நினைவிருக்கும். நானும் சரி என்றேன். ஆகஸ்ட் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ராபர்ட்சன்பேட்டை, மாதம் ஒருமுறை பங்காருபேட்டை ஸ்டேஷன், மற்ற நாளெல்லாம் வண்டிக்கு உறை போட்டு மூடி, உறைமேல் படுக்கிற பூனையை விரட்டுவதுதான் வேலை. ஆகஸ்டில் ஒரு நாள் கணக்குப் பார்த்தேன், ஒன்பது மாதத்தில் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். கம்ப்ரஸருக்கு ஆயில் ஊற்றினால் இத்தனை மணி நேரம் ஓட வேண்டுமென்று எழுதியிருக்கும். அந்த மணி முடியும் முன்னே ஆயிலை இறக்கினவனுக்கு போர்மேன் மெமோ கொடுப்பார், நல்ல ஆயிலைக் கீழே ஊற்றினாய் என்று. என் சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. மாப்பிள்ளை வண்டியில் போய் அந்தக் கெட்ட பேர் வாங்குவதா? மூன்று மாதத்தில் ஒன்பதாயிரத்து முன்னூற்று அறுபது, அதாவது நாளுக்கு நூற்று நாலு கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிடுவது என்று தீர்மானம் செய்து, ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, பர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்று கோடு போட்டேன்.

முதல் நாள் பங்காருபேட்டைக்கு நாலு தடவை போய் வந்தேன். காரியம் ஒன்றும் இல்லை. சும்மா போகிறோமே என்று மூன்றாம் நடையில் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேரை ஏற்றினேன், அதுதான் தப்பு. மூன்றாம் நாள் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நாகேஷ் என்று ஒருவர், அவர்தான் அவர்களுக்குள் பெரியவர், "ஏன் சார் இது, தினா நாலு ட்ரிப் வர்றீங்க, ஆளு ஏத்துறீங்க. பாடிகெ ஓட்றீங்களா?" என்றார். வாடகை இல்லைங்க, ஆயிலுக்காக ஓட்டுகிறேன் என்று நோட்டைக் காட்டினேன். அவர்கள் நோட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தனியாகப் போய்ப் பேசினார்கள். முடிவில் நாகேஷ் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை செய்வது என்று ஏற்பாடு. இரண்டாம் நாளே அவர் தன் தாயார் பார்வதம்மாவைக் கூட்டிவந்து, கோலாரில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், உங்களுக்கும் கிலோமீட்டர் ஆகும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. போனோம். அந்த அம்மாளுக்குக் கண் நன்றாக இருக்கிறது, உங்களை விசாரித்தார்கள்.

இந்தச் செய்தி எப்படியோ நம் லைன் வீடுகள் முழுக்கப் பரவி, ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயரே எழுந்து, சகோதரர் சாம்ராஜின் வண்டி ஓடியாக வேண்டியிருக்கிறது, தேவையுள்ளவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். அதன் பிறகு எனக்கு மூச்சு விட நேரமில்லை. ஏறினவர்களே பெட்ரோலும் போட்டுவிட்டதால் நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற ஸ்டீவன், கோலாரில் ஒரு நிகழ்ச்சி என்று பெரிய டிரம்மைப் பின் சீட்டில் நுழைத்தான். நுழைந்தது. திரும்ப வெளியே வரமாட்டேன் என்றது. சீட்டைக் கழற்றியும் பார்த்தோம், டிரம்மைத் திருப்பியும் பார்த்தோம், கடைசியில் கதவைத் திறந்துவைத்து, அவன் காரில் உட்கார்ந்தபடியே வாசித்தான். ஜனங்கள் அதுதான் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு டிரம்மை இழுத்தெடுத்ததில் பின் சீட்டு உறையில் ஒரு கிழிசல் உண்டு, தைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு சரோஜம்மா குடியாத்தத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றார்கள். கல்யாணம் அடுத்த வியாழன். ஆனால் எனக்கு இந்த வாரம்தான் நூற்றைம்பது குறைகிறது. கெஞ்சிக் கேட்டு ஒரு வாரம் முன்னாலேயே கூட்டிப் போனேன். அந்த வீட்டில் பந்தக்கால்கூட நடவில்லை. பட்டுப்புடவையும் பரிசுப் பெட்டியுமாக இறங்கின எங்களைப் பார்த்து மணப்பெண்ணின் அப்பா நாள் மாறிப்போச்சோ என்று பயந்து பத்திரிகையை எடுத்துப் படித்தார். உப்புமா கிளறிப் போட்டார்கள், நன்றாக இருந்தது. பரிசைக் கொடுத்துவிட்டதால் அடுத்த வியாழன் கைவீசிக்கொண்டு இன்னொரு முறை போனோம்.

ஆள் கிடைக்காத நாளும் உண்டு. அன்றெல்லாம் மைன்ஸ் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டைச் சுற்றுவேன். ஒரு சாயங்காலம் பதினேழாவது சுற்றில் சிவகுமார் என்கிற கான்ஸ்டபிள் கை காட்டி நிறுத்தி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று அன்பாகத்தான் கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு, இரண்டு ஷிப்டுக்கும் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, ஓய்வு எப்போது என்று கேட்டார். நல்ல மனிதர்.

உங்கள் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். காலியாக ஓடினால் அது ஓட்டமே இல்லை, மெஷினுக்கு லோடு வேண்டும், இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆகவே அவளை லோடாக ஏற்றினேன். அவள் லேசில் வரமாட்டாள். உங்களுக்குத் தெரியும், கோயில், மார்க்கெட், வீடு, மூட்டுவலி, இதைத் தவிர அவளுக்கு வேறு ஊர் கிடையாது. எங்கேயாவது போகலாம் என்றால், "எனுக்கு இன்னாங்க அங்க வேல, வீண் செலவு" என்பாள். ஆயில் கெட்டுவிடும், மாப்பிள்ளை முகத்தில் முழிக்க முடியாது என்று சொன்னபிறகுதான் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். அவனி மலை, முல்பாகல், ஏலகிரி என்று லோடு நன்றாக ஏறியது. அக்டோபரில் கிலோமீட்டர் ரொம்பப் பின்தங்கிவிட்டதால், ஒரே நாளில் ஐந்நூறைத் தாண்ட வேண்டுமென்று, வேறு வழியில்லாமல், சென்னைக்குப் போய்க் கடற்கரையில் வண்டியை நிறுத்தினேன். அவள் கடலைப் பார்த்தது இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினவள் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டாள். மூட்டுவலிக்காரி, ஒரு மணி நேரம். ஒரு அலை வந்து செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், மற்றதையும் அவளே விட்டெறிந்துவிட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப வருஷம் ஆயிற்று. அது கிடக்கட்டும். அன்றைக்கு மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தொன்று, நோட்டில் இருக்கிறது. சீட்டுக்கடியில் கொஞ்சம் மணல் இருக்கும், தட்டிவிடலாம்.

நவம்பர் எட்டாம் தேதி ராபர்ட்சன்பேட்டையில் நம் மெக்கானிக் ராஜேந்திரன் கடைக்குப் போனபோது இன்னும் ஏழு கிலோமீட்டர் குறைந்தது. அவரையும் ஏற்றிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை வரை போய்த் திரும்பினேன். சரியாகப் பத்தாயிரம். நிமிர்ந்து நின்று, இப்போது இறக்குங்கள் என்றேன். அவர் ஆயிலை இறக்கிக்கொண்டே, "இன்னா அங்கிள், இதுக்கா இவ்ளோ பாடு? பத்தாயிரமோ ஒரு வருஷமோ, எது முன்னாடி வருதோ அப்ப மாத்துறதுதான். வண்டி நின்ன எடத்துலயே நின்னிருந்தாலும் நவம்பர்ல நான் மாத்தியிருப்பேனே" என்றார். மாப்பிள்ளை, எனக்குத் தலை சுற்றி அங்கேயே டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளக் கூடாது, யோசித்துப் பார்த்தால் இதில் உங்கள் பேரிலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. 'இல்லைன்னா' என்று சொன்னீர்களே தவிர 'எது முன்னாடியோ' என்று சொல்லவில்லை. மெஷினை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஆக நடந்தது இவ்வளவுதான். ஆயிலுக்காக ஓடினதே தவிர ஆசைக்காக ஒரு கிலோமீட்டர் ஓடவில்லை. புது ஆயில் ஊற்றி, கழுவித் துடைத்து, உறை போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் சிநேகிதரிடம் உண்மையைச் சொல்லி, தாராளமாக வந்து எடுத்துப் போங்கள். எனக்கும் உங்கள் அத்தைக்கும் கார் எதற்கு? கோயிலுக்கு ஆட்டோ இருக்கிறது, நாகேஷ் இப்போது நமக்கு வேண்டியவர். வண்டி போனால் எங்களுக்கும் நிம்மதி.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஷைலாவை ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே விடாதீர்கள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
டி. சாம்ராஜ்,
கம்ப்ரஸர் அட்டெண்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறது. கவர்ல போட்டு ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். நான் படிச்சிட்டேன். யாரும் சொல்லலைன்னு எழுதியிருக்கார் பாருங்க, அது சுத்தப் பொய். ஆகஸ்ட் மாசமே ராஜேந்திரன் என்னை மார்க்கெட்டுல பாத்து, "ஆன்ட்டி, அங்கிள் வந்து கேட்டார், கிலோமீட்டர் ஆவலன்னாலும் நவம்பர்ல மாத்திக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன்"னார். அன்னிக்கு சாயங்காலம்தான் இவர் வந்து மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு, பத்தாயிரம் ஓட்டலன்னா ஆயில் கெட்டுடும் பாக்கியம்னார். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம, கோயில்ல நம்ம லூயிசா டீச்சர் கடலுக்குப் போய் வந்த கதைய சொன்னப்போ, நான் எல்லார் முன்னாடியும், நான் கடலே பாத்ததில்லன்னு சொல்லியிருந்தேன். அதனால நான் ஒண்ணும் கேக்கல. பிளாஸ்க்க கழுவி வெச்சேன். ராஜேந்திரன் கடையில தல சுத்தி உக்காந்ததும் பொய்தான், நான் வெளிய வண்டிக்குள்ளதான் இருந்தேன், ரெண்டு பேரும் டீ குடிச்சிக்கினு சிரிச்சாங்க. எனுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீங்க. வண்டி உங்களோடது, எடுத்துக்கினு போறதுன்னா போங்க, மனசுல ஒண்ணும் இல்ல. ஆனா இன்னும் ஒரு வருஷம் விட்டு வெச்சீங்கன்னா, கிளம்பும்போது மறக்காம அவர்கிட்ட பழையபடியே சொல்லிட்டுப் போங்க மாப்பிள்ளை, பத்தாயிரம் ஓடியே ஆவணும்னு. நான் இன்னும் கன்னியாகுமரி பாக்கல.