வெர்னியர் அண்ணன் கேட்ட முதல் பீஸ்

எமனே நேரில் வந்திருந்தாலும், எருமையின் இரண்டு கொம்புக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து முடித்துவிட்டு, "ஏனுங்க, நேரா இங்கதான் வாரீங்களா, இல்லை வழியில வேற எங்கியாச்சும் போயிட்டு வாரீங்களா?" என்று வெர்னியர் அண்ணன் கேட்டிருப்பார். கோயமுத்தூர் ஜில்லாவில் அவரிடம் அளவு கொடுக்காமல் தப்பித்த பொருள் கிடையாது. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்த ஆளும் கிடையாது. ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் நான். அதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் மற்றதை எழுத முடியாது.

சிங்காநல்லூரில் பம்ப்செட்டுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அங்கே லேத் ஓட்டினேன். அவர் செக்கிங். சட்டைப் பையில் எல்லோரும் பேனா வைத்திருப்பார்கள், அவர் வெர்னியர் வைத்திருப்பார். இரண்டு தாடைகளுக்கு நடுவில் பொருளைக் கவ்விப் பிடித்து, நூலளவு வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கிற எஃகு ஸ்கேல் அது. அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஒருமுறை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லேத்தில் புதிய வேலை தொடங்கும்போது முதலில் கடைந்தெடுக்கும் உருப்படிக்கு முதல் பீஸ் என்று பெயர். அதை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைக் கட்டி நிற்க வேண்டும். அவரிடம் மூன்று சின்னப் பெயிண்ட் டப்பாக்கள் உண்டு. பச்சைப் புள்ளி வைத்தால் மிச்சத்தைக் கடையலாம். சிவப்பு வைத்தால் குப்பை. சந்தேகமென்றால் மஞ்சள்; விவரம் தெரிகிறவரை யாரும் தொடக் கூடாது. முதல் பீஸைப் பார்க்காமல் முதலாளியே சொன்னாலும் அவர் எந்தக் கலரும் வைக்க மாட்டார். அந்த இரண்டு நிமிடம் நிற்பதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்து, பீஸ் துருப்பிடித்துவிடுமோ என்று வேறு பயம் வந்துவிடும்.

டீக்கடையிலும் இதே கதைதான். ஒருநாள் உளுந்து வடையை எடுத்தவர், வாயில் வைக்காமல் ஓட்டையை அளந்தார்.

"நேத்து இருபத்திரண்டு எம்எம். இன்னிக்கு இருபத்தாறு. என்னங்க மாஸ்டர் இது?"

"வடைக்கெல்லாம் டிராயிங் இருக்குதுங்களா?" என்றார் மாஸ்டர்.

"டிராயிங் வேண்டாமுங்க. இன்னிக்கு வடை தட்டுனது நீங்க இல்லை. யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

மாஸ்டர் அடுப்பறைப் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து அவருடைய மச்சினன் எட்டிப் பார்த்தான். கட்டைவிரல் ஒவ்வொன்றும் பிஞ்சுக் கத்தரிக்காய் மொத்தம். மாஸ்டரின் விரலில் முந்தின நாள் சுட்டுக்கொண்ட காயத்துக்குக் கட்டு. வெர்னியர் அண்ணன் அதன் பிறகுதான் வடையைக் கடித்தார். மூலகாரணம் தெரியாத பலகாரம் அவருக்கு ஜீரணமாகாது.

ஒருமுறை பட்டறையில் ஒரு அளவுக் குச்சி காணாமல் போனது. துளை சரியா என்று நுழைத்துப் பார்க்கிற எஃகுக் குச்சி. முதலாளியம்மா கொதித்துப்போய், வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் சன்னதியில் மிளகாய் அரைத்து வைக்கப்போவதாக அறிவித்துவிட்டார். எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. புதன்கிழமையே எனக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. மிளகாயை இன்னும் கடையில் வாங்கவே இல்லை. காரணம், துடைக்கிற துணியோடு சுருண்டு அந்தக் குச்சி என் டிபன் பைக்குள் வந்திருந்தது. வீட்டில்தான் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தால் திருடன் என்பார்களே என்ற பயத்தில், அது என்னோடு ஒண்டிப்புதூரில் பஸ் ஏறி வருவதும், சாயங்காலம் என்னோடே திரும்பிப் போவதுமாக இரண்டு நாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

வெர்னியர் அண்ணனுக்கு மிளகாயில் உடன்பாடு இல்லை. "ஆத்தா எரிச்சுப்போடுவா, சரிங்க. ஆனா குச்சி எப்படிப் போச்சுன்னு எழுதிக் குடுப்பாளா?" என்று முதலாளியிடம் கேட்டார். பிறகு ஒவ்வொரு லேத்தாக வந்தார். என் முன்னால் நின்றபோது என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பையைத் தொடவில்லை.

"கண்ணு, நான் டீ குடிச்சுப்போட்டு வாரேன்" என்றார்.

அவர் திரும்பி வரும்போது குச்சி அவர் மேஜையில் இருந்தது. அதை அளந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் போய், "கெடைச்சுருச்சுங்க. ஆளும் தெரிஞ்சுபோச்சு. மிளகாயைச் சட்னிக்கு வெச்சுக்கச் சொல்லுங்க அம்மாவை" என்றார். யார் என்று முதலாளி எவ்வளவோ கேட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார்: "எடுத்துட்டுப் போனது பெருசில்லை கண்ணு. முதல் நாளே கொண்டாந்து வெச்சிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுபோயிருக்கும். ரெண்டு நாள்ல பத்துப் பேரை ஒருத்தரையொருத்தர் சந்தேகப்பட வெச்சுப்போட்டே."

நான் தலையை ஆட்டினேன். புத்தி வந்துவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பிறகுதான் கொரோனா வந்தது. முதல் ஊரடங்கு தளர்ந்து, பாதி ஆட்களோடு பட்டறையைத் திறந்தோம். டீக்கடையும் பாதிக் கதவைத் திறந்தது. அங்கே நாள் தவறாமல் ஒரே வழக்கு: இந்தக் கிருமி லேப்பிலிருந்து தப்பி வந்ததா, பிராணிகள் விற்கிற சந்தையிலிருந்து வந்ததா?

பிராய்லர் கடைக்காரர் லேப் கட்சி. கறிக்கும் கொரோனாவுக்கும் முடிச்சுப் போட்டு எவனோ கிளப்பிவிட்டதில் கோழியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் நொந்திருந்தார். சந்தை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. சர்ச் தெருவில் இருந்த ரிட்டையரான வாத்தியார் சந்தைக் கட்சி. அவர் மகள் பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"என்ற மக லேப்ல கையைக் கழுவிட்டு வெளிய வாரதுக்கே அரை மணி நேரம் ஆகுதுங்க. அங்கிருந்து எப்படிங்க தப்பும்?" என்பார் வாத்தியார்.

"அந்த அரை மணி நேரத்துல அது முன்னாடி கெளம்பி வந்திருக்குமுங்க" என்பார் பிராய்லர்.

இருவரும் கடைசியில் வெர்னியர் அண்ணனைத்தான் பார்ப்பார்கள்.

"முதல் பீஸ் எங்கீங்க?" என்பார் அவர். "முதல்ல காய்ச்சல் வந்த ஆளு யாரு? எங்க போனான், யாரைத் தொட்டான்? லேப்ல என்ன செஞ்சாங்கன்னு நோட்டு எழுதியிருப்பாங்கல்லீங்க, அதைக் காட்டோணும். சந்தையில எந்தப் பிராணி இருந்துச்சு, அதையும் காட்டோணும். ரெண்டும் என்ற மேஜைக்கு வரலீங்க. நான் மஞ்சள்தான் வெப்பேன்."

"எத்தனை நாளைக்குங்க மஞ்சள்லயே வெச்சிருப்பீங்க?"

"அது பீஸைக் கையில வெச்சிருக்கறவன் இஷ்டமுங்க."

மூன்றாவது கட்சி ஒன்று இருந்தது. அது நான். எனக்கு லேப்பும் தெரியாது, சந்தையும் தெரியாது. ஆனால் கவலைப்படுகிறவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "எங்கிருந்தாச்சும் வரட்டுமுங்க. தெரிஞ்சவன் முதல் நாளே வாயத் தொறந்திருக்கோணுமில்லீங்க. ஒருத்தன் பயந்து மறைச்சதுக்கு ஊரே சாகுது" என்று பெஞ்சைத் தட்டுவேன். பிராய்லர்காரரும் வாத்தியாரும் ஒத்துப்போன ஒரே பேச்சு என்னுடையதுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பஸ் சரியாக ஓடவில்லை. வெர்னியர் அண்ணன் சூலூரிலிருந்து மொபெட்டில் வருவார். வழியில் ஒண்டிப்புதூரில் நான் பின்னால் ஏறிக்கொள்வேன். ஒருநாள் காலையில் எழுந்தபோது எனக்கு உடம்பு காந்தியது. தொண்டையில் மரத்தூள் அடைத்தது போல இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். சந்துக்குத் தகரம் அடிப்பார்கள், கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் கற்பனை செய்து முடித்து, ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறினேன்.

ஏறியவன் சும்மாவாவது உட்கார்ந்திருக்கலாம். என் வாய் பயந்தால் மூடாது. லேப்காரன் மறைத்தது எவ்வளவு பெரிய பாவம் என்று ஆரம்பித்தேன். ஹெல்மெட்டுக்குள் அவருக்குக் காது கேட்கவில்லை.

"என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு" என்றார்.

நான் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அவர் தோளில் கையை ஊன்றி, ஹெல்மெட்டை ஒட்டிக்கொண்டு கத்தினேன். ஒண்டிப்புதூரில் ஆரம்பித்த கத்தல் சிங்காநல்லூரில்தான் நின்றது. ஒளித்து வைப்பவன் மனிதனே இல்லை என்று, ஒளித்து வைத்துக்கொண்டே, அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

இரண்டாம் நாளே எனக்குச் சரியாகிவிட்டது. ஐந்தாம் நாள் ஒண்டிப்புதூரில் நான் நின்றுகொண்டே இருந்தேன், மொபெட் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொல்லாமல் லீவு போட்டதில்லை. பட்டறைக்குப் போனதும் செய்தி வந்தது, கொரோனா, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. அவர் மேஜையில் மூன்று டப்பாக்களும் மூடியபடி இருந்தன. அன்றைக்குக் கடைந்த முதல் பீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் மத்தியானம் வரை கையில் வைத்திருந்தேன்.

உயிரோடு திரும்பினார். ஆனால் பாதி மூச்சோடு. நாலு சொல் பேசினால் ஒரு இடைவெளி விட வேண்டும். பட்டறைக்கு அதன் பிறகு அவர் வரவே இல்லை.

வீடு திரும்பிய வாரம் எனக்குப் போன் செய்தார். நான் பயந்தது இதற்குத்தான். காய்ச்சலுக்கு முந்தின பத்து நாளில் தான் பார்த்த ஆட்களை வரிசையாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அது அவர் பழக்கம்.

"கண்ணு, நீ என்ற ஹெல்மெட்டை ஒட்டிக் கத்திட்டே வந்தயே. அன்னிக்கு உன்ற ஒடம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு" என்றேன்.

அளக்காமல் ஒரு ஆபரேட்டர் சொன்னதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர், "சரி கண்ணு" என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு வந்தது கொரோனாதான் என்று இன்று வரை நிச்சயமில்லை. நான் சோதனைக்கே போகவில்லையே. அவருக்கு அது மருந்துக்கடை வரிசையிலும் ஒட்டியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் தனியாகப் போயிருப்பார். அதில் சந்தேகமில்லை.

இரண்டு வருடம் இருந்தார். மாதம் ஒருமுறை சூலூருக்கு பஸ் ஏறுவேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்ப்பேன். பக்கத்தில் விசைத்தறிகள் ஓடும் சத்தத்தில் அவர் மெல்லிய குரல் கேட்க நான் குனிய வேண்டியிருக்கும். மாஸ்க் மட்டும் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றியிருப்பேன். அவர் மடியில் வெர்னியரை வைத்துக்கொண்டு மாத்திரைகளை அளந்துகொண்டிருப்பார். "இந்தக் கம்பெனி, கண்ணு, அட்டைக்கு அட்டை மாத்திரை மொத்தம் மாறுது. எங்க தப்பு நடக்குதுன்னு போய்ப் பாக்கோணும்" என்பார்.

கடைசியாகப் பார்த்த அன்று நிஜமாகவே வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணா, அந்த முதல் பீஸ் விசயமுங்க..."

வெர்னியரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பீஸை மேஜையில் வைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"லேப்தான்னு மறுபடியும் பேப்பர்ல போட்டிருக்காங்கண்ணா" என்றேன்.

"அப்படியா" என்றார். "அவங்க கொண்டாந்து வெச்சுட்டாங்களா?"

"இல்லீங்க."

சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "வெப்பாங்க கண்ணு. பொறுத்துத்தான் பாக்கோணும். டீ குடிச்சுப்போட்டுப் போ."

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மனைவி என்னை நிற்கச் சொன்னார். அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை.

"உங்க கிட்டப் போன்ல கேட்டாரில்லீங்க, அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். "வெச்சுப்போட்டு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? 'பயந்துக்கறான். பயந்தவன் கையில இருந்து பீஸைப் புடுங்கக் கூடாது அம்மணி, அவனே கொண்டாந்து வெப்பான்' அப்படின்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. உங்களுக்குப் புரியுதுங்களா?"

எனக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

உலகத்து வழக்கு இன்னும் மஞ்சளில்தான் நிற்கிறது. இப்போது டீக்கடையில் யாராவது அதை எடுத்தால் நான் பெஞ்சைத் தட்டுவதில்லை. இது அச்சாகி வரும் இதழ் அக்கா வீட்டுக்கும் போகும். கொண்டுபோய்க் கொடுக்கப்போவது நான்தான். இந்த முறை பஸ்ஸில் ஒத்திகை கிடையாது.

அண்ணா, முதல் பீஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டேனுங்க. கையைக் கட்டி நிற்கிறேன். என்ன கலர் வேண்டுமானாலும் வையுங்க.