நாலாவதில் தொடங்கிய பரிசுகள்

தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அத்தானுக்கு அன்பு. இங்கே நானும் கோப்பைக் கடையும் நலம். உங்கள் ரத்த அழுத்தம் நலமா என்று கேட்க இது ஏற்ற வாரமில்லை என்பதால் கேட்கவில்லை.

விளையாட்டு விழாக் கேடயங்களைப் பற்றி நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். குழு இனிமேல் என் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்றாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் உங்கள் மகள், நம் சின்னவள், விழா நாளிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அக்காவே அவள் கையில் திணித்தாலும் வாங்குவதில்லையாம். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே குழுவுக்காகவும் அவளுக்காகவும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன வருஷம் உங்கள் பள்ளியின் ஒன்பதாவது ஆண்டு விழாக் கேடயத்தில், ஆங்கில ஒன்பதாவதுக்கு நடுவில் ஒரு ‘ஈ’ கூடுதலாக உட்கார்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினீர்கள். கூடவே, நாலாவதில் ‘யு’ உண்டு, நாற்பதாவதில் கிடையாது, பன்னிரண்டாவதில் ‘எஃப்’ வரும் என்று ஒரு முழுத்தாள் எழுதித் தந்து கடைச் சுவரில் ஒட்டவும் வைத்தீர்கள். இந்த வம்பே வேண்டாம், எண்ணைப் போட்டுப் பக்கத்தில் ‘எஸ்.டி.’, ‘டி.எச்.’ என்று ஆங்கில வால் மட்டும் ஒட்டிவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். வியாபாரம் மந்தமான மாதங்களில் பித்தளைத் தகடுகளில் பள்ளிப் பெயரை முன்கூட்டியே வெட்டி வைப்பது எங்கள் வழக்கம். அதோடு வாலையும் வெட்டிவிட்டால் கடைசி நேரத்தில் எண் மட்டும்தானே பாக்கி என்று தோன்றியது. எந்த வால் என்று ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிப் பார்த்தேன். நூறில் எழுபத்து மூன்று எண்களுக்கு ‘டி.எச்.’தான் வருகிறது. பெரும்பான்மையை மதித்து இந்த வருஷ விழாவுக்கான முப்பத்தாறு தகடுகளிலும் அதையே வெட்டச் சொன்னேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எண் போட உட்கார்ந்த எழுத்து வெட்டுபவர் கண்ணாடியைக் கழற்றினார். “முதலாளி, இது ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு வராது. நாலுலருந்துதான் வரும்” என்றார். தகடு விற்பவர் மூன்று நாளாகக் கடையைத் திறக்கவில்லை. எழுத்துப்பிழையோடு அனுப்பினால் நீங்கள் என்னை உயிரோடு விடமாட்டீர்கள். ஆகவே பிழையே இல்லாமல் நாலு, ஐந்து, ஆறு என்று வெட்டி, பெட்டியை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அப்படியும் ஒப்பேற்றியிருக்கலாம். நீங்கள் சிறப்பு விருந்தினராக ஒரு கண் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் படிக்காமலே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவர் கேடயத்தைக் கையை நீட்டிப் பிடித்து, நூறு மீட்டர் ஓட்டம், நாலாவது இடம் என்று மைக்கில் படித்தார். விளையாட்டு ஆசிரியரிடம் முதல் மூன்று பேர் பட்டியல்தான் இருந்தது. நாலாவதாக வந்தது யார் என்று கேட்டதும் பதினொரு பேர் மேடைக்கு ஓடி வந்தார்கள், அத்தனைக்கும் ஓடினதே எட்டுப் பேர்தான். முகத்தில் ஈயாடாவிட்டாலும் நீங்கள், இந்த வருஷம் நாலாவதிலிருந்து ஊக்கப்படுத்துகிறோம் என்று சமாளித்தீர்கள் பாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் உண்மையிலேயே பெருமைப்பட்டேன்.

அப்புறம்தான் சின்னவளைப் பார்த்தேன். இருநூறு மீட்டரில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை. தலையை வாரி, ரிப்பன் கட்டி, மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள். பிறகு வெறுங்கையோடு என்னிடம் வந்து, “மாமா, நான் நாலாவதா வந்திருக்கணும்ல?” என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதுவே என் விளக்கம். குழுவினர் பொறுத்தருள வேண்டும். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது என்றும் சொல்லுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் எந்த இடத்தில் வந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன், கோப்பைக் கடை.

பின்குறிப்பு: இந்த இடத்தில் தாளைக் கிழித்துவிட்டு மேல் பாதியை மட்டும் குழுவிடம் கொடுங்கள். வால் கதை முழுப்பொய். இருபது வருஷம் கோப்பை விற்றவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்றுக்கு என்ன வரும் என்று தெரியாதா? சரியான முப்பத்தாறு தகடுகளும் நீங்கள் ஆர்டர் கொடுத்த வாரமே வெட்டி, பீரோவில் இருக்கின்றன. மூன்று வருஷமாக நாலாவதாகவே வந்து, போன வருஷம் ஷூவைக் கழற்றிப் பரணில் எறிந்தாளே சின்னவள், அவள் ஒரு தடவை மேடை ஏறட்டும் என்றுதான் செய்தேன். ஒரு கேடயத்தை மட்டும் மாற்றினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று முப்பத்தாறையும் மாற்றினேன். அவள் இந்த வருஷம் இப்படி ஓடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜெயித்த பிள்ளைகளின் கேடயங்களை நாளை மாலை கொண்டுவருகிறேன்; ஏற்கெனவே கொடுத்ததை யாரிடமும் திரும்ப வாங்காதீர்கள். சின்னவளுடையதில் மட்டும் எண் வேண்டாம் என்று, மூன்றாவது என்பதை ஆங்கிலத்தில் முழு எழுத்தாக நானே வெட்டினேன். உங்கள் தாளைப் பார்த்து நான்கு தடவை சரிபார்த்தேன். போனை எடுக்காவிட்டால் போகிறது, கதவை மட்டும் அவளையே திறக்கச் சொல்லுங்கள்.