அப்புறம்?

"அப்புறம்?" என்றது கூடத்தில் இருந்த பெட்டி.

அவள் திடுக்கிட்டாள். அதனிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. இப்போதுதான் வெளியிலிருந்து வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பெட்டிக்குள் பேசுவது அவள் உருவாக்கிய கணினி மொழி. விளக்கைப் போடவோ அணைக்கவோ பேச்சுத் தமிழிலேயே கட்டளை சொல்லலாம். வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சர், 'எடுத்து', 'வந்து' என்று இழுத்தால் "அப்புறம்?" என்று கேட்டுக் காத்திருக்கும், 'வை', 'கொடுத்தான்' என்று முடித்தால்தான் அடங்கும். நாளைக்கு மேனேஜர் முன்னால் அது ஒழுங்காக ஓடியாக வேண்டும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, என் தலை!" என்று லேப்டாப்பைத் திறந்தாள். எங்கோ லூப் மாட்டிக்கொண்டு செக்குமாடாய்ச் சுற்றுகிறது. பதில் வராவிட்டால் கேட்பதை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தாள்.

"அப்புறம்?"

நிறுத்தவில்லை. பதில் வராவிட்டால்தானே நிறுத்தச் சொன்னாள்? அப்படியென்றால் யாரோ பதில் சொல்கிறார்கள்.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"வீட்டுல யாரோ இருக்காங்க."

"அப்பா இருக்காரே."

"மாமா வாயைத் திறந்தா ஊருக்கே மழை வரும். அவரைச் சொல்லல. இது வேற யாரோ..."

"பேயா? அப்ப நாளைக்கு அதையே மேனேஜர்கிட்ட காட்டிடு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

இதுவரை கேட்டதை வாய்விட்டுப் படி என்று அடுத்த வரியை எழுதினாள். பெட்டி படித்தது:

"சத்தமில்லாம உள்ள வந்து, ஜன்னலைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து..."

நெருப்பை மிதித்தவள் போல நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"...என்னையே பாத்துக்கிட்டு இருந்து, விளக்கை அணைச்சு..."

போதும் சாமி! இப்போது கேட்ட கடைசி வார்த்தையை மட்டும் முடிவாக எடுத்துக்கொள் என்று தட்டினாள். பார்சர் சொன்னபடி கேட்டது. கூடத்து விளக்கு அணைந்தது. திரை போட்ட கூடம் பட்டப்பகலிலேயே இருண்டது.

பாய்ந்து போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள்,

"அப்புறம்?"

இந்த முறை பின்னறையிலிருந்து.

துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள். கட்டிலில் மாமனார். சோதனைக்கென்று வாங்கி அவள் மறந்தே போன இரண்டாவது பெட்டி அவர் மடியில். இரண்டு பெட்டிக்கும் அவள் லேப்டாப்பில் ஓடுவது ஒரே பார்சர்தான்; இங்கே சொன்னதற்குத்தான் கூடத்துப் பெட்டியும் கேட்டிருக்கிறது. குனிந்து, அதன் காதோடு சொல்வது போலக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

துடைப்பம் கை நழுவியது. "நீங்களா மாமா? உயிரே போயிடுச்சு! இப்படி இழுத்துக்கிட்டே போனா அது எப்படி நிறுத்தும்? எங்கயாவது ஒரு இடத்துல முடிக்கக் கூடாதா?"

மாமனார் பெட்டியைத் தடவிக்கொடுத்தார்.

"உன் அத்தையோட கதைம்மா. முடிக்கணும்னா, 'போயிட்டா'ன்னுதானே முடிக்கணும்?"