ஒரே வரியில் முடிப்பவர்

ஒரே வரியில் முடிப்பவர் என்றொரு இனம் உண்டு. பேச்சையோ சண்டையையோ அல்ல, கம்ப்யூட்டர் வேலையை. நீங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து, அடிஸ்கேலை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு செய்கிற வேலையை எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரே லைன் சார்" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டி, என்டரை மட்டும் ஊருக்கே கேட்கும்படி அடிப்பாரே, அவர்தான். அவரிடம் எக்செல் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு இன்னும் புட்டிப்பால்தானா என்பதுபோல் பார்ப்பார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருவொற்றியூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டில் இந்த இனத்துக்குச் சண்முகவேல் என்று பெயர். அவருடைய தனி வித்தை, இரண்டு பைல்களை ஒன்றாகக் கோப்பது. ஒன்றில் டோக்கன் எண்ணும் பெயரும் இருக்கும். இன்னொன்றில் டோக்கன் எண்ணும் ஷிப்டும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவான எண்ணைப் பிடித்துக் கோத்துவிட்டால் எண், பெயர், ஷிப்டு மூன்றும் ஒரே வரியில் வந்து நிற்கும். அழகான வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பைலும் ஒரே மாதிரியான வரிசையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பைலிலும் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே ஓடும். தாண்டியவரைத் திரும்பிப் பார்க்காது. ஜோடி கிடைக்காதவரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். யார் விட்டுப்போனார்கள் என்று அதைக் கேட்கவும் வழி உண்டு. கூடுதலாக இரண்டு மூன்று எழுத்து தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர் தட்டுவாரா? வரியின் அழகு என்னாவது?

வீட்டிலும் இதே கதை. தங்கை கல்யாணத்துக்கு உறவுக்காரர் பைலையும் போன் நம்பர் பைலையும் கோத்து அழைப்புப் பட்டியல் எடுத்தார். காட்டுப்பள்ளியில் போன் வைத்துக்கொள்ளாமல் இருந்த மனைவியின் பெரியப்பா அழைக்கப்படாமலே போனார். "போன் இல்லாதவரு சொந்தக்காரரு இல்லியா?" என்று மனைவி கார்குழலி கேட்டதற்கு, "மேட்ச் ஆவல" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் சோறும் குழம்பும் மேட்ச் ஆகவில்லை.

அந்த வருஷம் யார்டில் புது உத்தரவு வந்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் கேட் திறக்கும். பட்டியலை எடுக்கிற பொறுப்பு யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்டர் சத்தம் பக்கத்து அறையில் இருந்த என் மேசை வரை கேட்டது. பிரின்டரில் வந்ததை நாலாக மடித்து, பார்க்காமலே கேட்டுக்கு அனுப்பினார். விடையைச் சரிபார்க்கிறவன் தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் என்பது இவர்கள் வேதம்.

திங்கட்கிழமை காலை யார்டே கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே அதிகாரிகளும் இன்னும் சிலரும் மட்டும்.

வெளியே நின்றவர்களில் குணசுந்தரி ஒருவர். கேன்டீனில் சமைப்பவர், காத்திவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அவர் ஊறப்போட்ட உளுந்து உள்ளே, அவர் வெளியே. உளுந்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கேன்டீன் கான்ட்ராக்டர் தன் மச்சினியை அந்த அடுப்பில் நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் வேலை போய்விடும் என்று போன வாரமே சொல்லிவிட்டார்.

காவலாளி வெள்ளத்துரை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் பேரு இல்லியே யக்கா. நான் இன்னா பண்ண?"

"எதிர்ல நின்னுகினு கீறேன். நீ பேப்பர்ல தேடிகினு கீற."

"பேப்பர்ல இருந்தாத்தான் நீ வந்த மாதிரி."

"அப்ப இவ்ளோ நேரம் யாராண்ட பேசிகினு கீற நைனா?"

பத்து மணிக்கு டீ வரவில்லை. நம் அலுவலகங்களில் பல உண்மைகள் இப்படித்தான் வெளியே தெரிகின்றன. மேனேஜர் கத்தினார். சண்முகவேல் கேட்டுக்கு ஓடிவந்து, தான் எடுத்த பட்டியலை முதல் தடவையாகப் படித்தார்.

ஒரு பைல் எண்வரிசையில் இருந்தது. ஒன்பதுக்கு அடுத்தது பத்து. இன்னொன்று, முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்குகிற அகராதி வரிசையில் இருந்தது. அதில் ஒன்று, பத்து, நூறு என்று போய், ஒன்பது கடைசியில்தான் வரும். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. ஒற்றை எண் டோக்கன்காரர்களான அதிகாரிகளும், எப்படியோ தொண்ணூறுகளில் இருந்த சிலரும் தப்பினார்கள். மீதிப் பேர் ஒருவர் பாக்கியில்லாமல் மறைந்துபோனார்கள்.

"டேட்டாவுல ப்ராப்ளம்" என்றார் சண்முகவேல். கவனியுங்கள், இந்த இனம் தவறே செய்யாது. டேட்டாதான் செய்யும்.

வரிசையைச் சரிசெய்து மறுபடி தட்டினார். கேட் திறந்தது. ஆனால் கான்ட்ராக்டர் அதற்குள் குணசுந்தரிக்கு ஆப்சென்ட் போட்டு, மச்சினிக்கு ஆளும் அனுப்பிவிட்டார்.

குணசுந்தரி டீக் கெட்டிலோடு நேரே சண்முகவேல் அறைக்கு வந்தார். சண்முகவேல் கப்பை நீட்டினார். கெட்டில் சாயவில்லை.

"சாரு, நான் டயத்துக்கு வந்தேன், உன்னாலதான் உள்ள வுடலன்னு ஒரு வரி எழுதிக் குடு."

"சில பதிவுகள் பொருந்தவில்லைன்னு போட்டுத் தரேன்க்கா."

"பதிவு பஸ்ல வரல நைனா. நான் வந்தேன்."

எழுதினார். அடித்தார். வேறு காகிதம் எடுத்தார். மறுபடி "பதிவுகள்" என்று ஆரம்பித்து, கெட்டிலைப் பார்த்து, நிறுத்தினார். மின்விசிறிக்கு அடியில் ஒருவர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"எல்லாத்தியும் ஒரே வரீல முடிப்பியாமே. இது இன்னா, அனுமாரு வாலா?"

கடைசியில் எழுதினார்: 'குணசுந்தரி நேரத்துக்கு வந்திருந்தார். விட்டது நான்.' கையெழுத்தும் போட்டார். குணசுந்தரி ஒரு தடவை படித்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகுதான் டீ. மதியம் வந்துசேர்ந்த மச்சினி, ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கறுப்புத் திரைப் பக்கமே போனதில்லை என்கிற தைரியம். நல்லது. உங்கள் வீட்டுப் போன விசேஷத்துக்கு, நம்மைக் கூப்பிட்டவர்கள் யார், நாம் போய்வந்தது எங்கே என்று இரண்டையும் மனசுக்குள் பொருத்திப் பார்த்துத்தானே பத்திரிகையில் பெயர் எழுதினீர்கள்? யாராவது விட்டுப்போனார்களா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

ஒருவரும் வந்து சண்டை போடவில்லையே என்கிறீர்கள். எப்படிப் போடுவார்கள்? எல்லார் கையிலுமா கெட்டில் இருக்கிறது?