மாப்பிள்ளைக்கு மஞ்சள்காமாலை கொடுத்த டிவி

நிச்சயமாகத் தெரியும் என்று ஒருவன் அழுத்திச் சொன்னால், இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்தான்.

என் இருபதாவது வயது டைரியில் இப்படி ஒரு குறிப்பு: 'மாலை 4.10. டிவி பரிசோதனை. ஒலி நன்று. ஒளி நன்று. குறை எதுவும் இல்லை.' கீழே என் கையெழுத்து (பெரிய அதிகாரி என்ற நினைப்பு).

அன்று தென்காசியில் எங்கள் வீட்டில் ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, மாப்பிள்ளை பார்த்தோம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அதனால் அறைத்தோழர் எடுத்துக் கொடுத்த வீடியோ கேசட்டில் வந்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்தே ராத்தா மனசுக்குள் சம்மதித்துவிட்டாள். மறுநாள் காலை வாப்பா, அதாவது அப்பா, குற்றாலத்தில் தரகர் காதர் மாமாவைச் சந்தித்துப் பதில் சொல்ல வேண்டும்.

கேசட் பார்க்கச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள், மாப்பிள்ளையின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டாமா? 4.25க்கு, சவுண்ட் சர்வீஸ் நண்பனிடம் இரவல் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியை டிவியின் இடப்பக்கத்தோடு ஒட்டி வைத்தேன். பரிசோதனை பதினைந்து நிமிடத்துக்கு முன்பே முடிந்திருந்தது என்பதைக் கவனிக்கவும். நான் கவனிக்கவில்லை.

கேசட் ஓடியது. திரையின் இடப்பக்கத்தை மாப்பிள்ளையின் முகமே அடைத்திருந்தது, வலப்பக்கம் அவருடைய பிரிட்ஜ். மாப்பிள்ளை ஸலாம் சொன்னார். குரல் கணீரென்றது. முகம் மட்டும் வாழைக்காய் பழுக்கத் தொடங்கிய நிறம்.

"யா அல்லா! கண்ணு முழி எல்லாம் மஞ்சளா இருக்கே, காமாலையில்லா?" என்றார் மாமி.

"டிவில ஏதும் கோளாறா இருக்கும்" என்றாள் ராத்தா, மெதுவாக.

"பிரிட்ஜு வெள்ளையாத்தானட்டி தெரியுது? டிவி எப்படிக் கோளாறாவும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டைரியை எடுத்து வந்து வாசித்தே காட்டினேன். "டிவில ஒரு குறையும் கெடையாது. நான் நிச்சயமாச் சொல்லுதேன்."

வாப்பா பெருமூச்சு விட்டார். "அப்ப வேண்டாம்னு சொல்லிருவோம்." ராத்தா எழுந்து உள்ளே போனாள்.

காலையில் என்னை எழுப்பியது அவள்தான். "ஏலே, இங்கன வா. செய்தி வாசிக்கிற அம்மாவுக்கும் காமாலையா?"

டிவியில் செய்தி வாசிப்பவரின் பாதி முகம் மஞ்சள், பாதி சரி. எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தக் காலத்து டிவிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கூடு எதற்கு? உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் கழுத்திலிருந்து மூன்று எலக்ட்ரான் கற்றைகள் பாய்ந்து, வரி வரியாகத் திரையைத் துடைத்துக்கொண்டே போகும். திரையின் உட்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். ஒவ்வொரு கற்றையும் தன் நிறப் புள்ளியில் மட்டும் படும்படி, திரைக்குச் சற்றுப் பின்னால், முழுக்க ஓட்டைகள் போட்ட மெல்லிய உலோகத் தகடு. பக்கத்தில் காந்தம் வந்தால் கற்றை வளைந்து அடுத்தவன் புள்ளியில் விழும். நிறம் மாறும். ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கேவலம்.

பெட்டியை விலக்கினேன். மஞ்சள் போகவில்லை, தகட்டிலேயே காந்தம் ஏறியிருந்தது. வாப்பா கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. சைக்கிளை எடுத்தேன்.

குற்றாலத்தில் சீசன் கூட்டம். சாரல் வேறு. எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசையாக முதுகுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் பூசிய முதுகெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஏழாவது முதுகுதான் வாப்பா.

"வாப்பா! சொல்லிட்டியளா?"

"காதர் அருவில நிக்கான். வந்ததும் சொல்லணும். நீ எதுக்குலே இப்படி ஓடி வாற?"

அருவிச் சத்தத்தை மீறிக் கத்தினேன்: "மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல! காமாலை நம்ம டிவிக்குத்தான்!"

ஏழு முதுகுகளும் திரும்பின. என் பின்னால் ஈரத் துண்டோடு காதர் மாமா நின்றிருந்தார். "யாருக்குலே காமாலை?"

வாப்பா எண்ணெய்க் கையாலேயே என் காதைத் திருகினார். வழுக்கியதால் தப்பித்தேன்.

சாயங்காலம் மெக்கானிக் வந்து ஏறிய காந்தத்தை இறக்க, வளையம் போன்ற ஒரு கம்பிச்சுருளைத் திரைக்கு முன் சுற்றிச் சுற்றிக் காட்டி, மெல்லப் பின்னால் நகர்ந்தார். மஞ்சள் கரைந்தது. கேசட்டை மறுபடி போட்டோம். மாப்பிள்ளை ராஜா மாதிரி இருந்தார். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மாமி.

அந்த மாப்பிள்ளைதான் என் மச்சான். இப்போது துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் அவர்களுடைய வடகரை வீட்டுச் சுவரில் புது எல்இடி டிவி மாட்டினார். நானே முன்னின்று விளக்கினேன்: இதில் பாயும் கற்றை கிடையாது, பின்னால் வெளிச்சம், முன்னால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் நிற வடிகட்டி, காந்தத்தால் வளைக்க ஒன்றுமே இல்லை. நிரூபிக்கப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தேன். மச்சான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

படத்தில் நிறம் துளியும் மாறவில்லை. அங்கேயே டைரியைத் திறந்து எழுதினேன்: 'புது டிவி பரிசோதனை. குறை எதுவும் இல்லை.' கையெழுத்துப் போடுவதற்குள் ராத்தா பேனாவைப் பிடுங்கி, கீழே எழுதினாள்: 'செய்தி போட்டுப் பார்க்கவும்.'