இல்லாத மணிக்கட்டு வலி

நான் இரண்டு பொய் சொன்னேன். இரண்டும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரே மாலையில், கால் மணி நேர இடைவெளியில் சொன்னவை. முதல் பொய், குறிஞ்சிப்பாடியில் இருக்கும் ஸ்டெல்லா என்ற நர்ஸம்மாவிடம், தொலைபேசியில்: வான்மதிக்கு மணிக்கட்டு வலி, நாளைக்கு ஆட மாட்டாள். இரண்டாவது, என் மகள் வான்மதியிடம், நேரில்: ஸ்டெல்லாவின் மகள் ஜெனிக்கு வீட்டில் ஏதோ விசேஷம், நாளைக்கு வர மாட்டாள். சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். (மனசாட்சி உறுத்தினா பசிக்காதுன்னு யார் சொன்னதோ தெரியல.)

வான்மதியும் ஜெனியும் இன்று பேட்மிண்டன் டபுள்ஸ் ஆடியே பிழைப்பவர்கள். அந்த ஆட்டத்தில் தரவரிசை ஆளுக்குக் கிடையாது, ஜோடிக்குத்தான். ஒருத்தி இல்லாவிட்டால் இன்னொருத்தி பட்டியலிலேயே இல்லை. அந்த ஜோடியைத்தான் நான் உடைக்கப் பார்த்தேன்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடலூரில் நடந்த ஒரு போட்டியில் இருவரும் ஜெயித்து, பத்திரிகையில் படம் வந்தது. பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ, ஜெனி முழுதாக இருந்தாள். என் மகள் இடது காதோடு நின்றுவிட்டாள். நான் சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவன், வேதியியலில் முதுகலை. அரை மகளை எப்படி ஏற்றுக்கொள்வேன்? டபுள்ஸ் ஆடினால் பேரும் பாதி, புகழும் பாதி என்று கணக்குப் போட்டேன். அடுத்து சிதம்பரத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு விண்ணப்பம் நிரப்பும் வேலை வழக்கம்போல என்னுடையது. சிங்கிள்ஸ் கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன்.

பொய்களைச் சோதித்தும் பார்த்திருந்தேன். ஜெனி தன்னிடம் நேராகச் சொல்லவில்லை என்ற கோபத்தில் வான்மதி அவளைக் கூப்பிட மாட்டாள். வலியோடு இருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஜெனியும் கூப்பிட மாட்டாள். இரண்டும் அப்படியே நடந்தன. இருபத்தெட்டு வருட அனுபவம் என்றால் சும்மாவா?

ஒன்றை மட்டும் சோதிக்க மறந்துவிட்டேன். ஜெனி நல்ல பெண்.

மறுநாள் சிதம்பரம் உள்ளரங்கத்தில், வான்மதியின் சிங்கிள்ஸ் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில், பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் ஸ்டெல்லா. அவர் மடியில் ஒயர் கூடை. கூடையில் வெந்நீர்ப் பை, பிளாஸ்க், தைலம். அவருக்கு அந்தப் பக்கம் ஜெனி. ஆட முடியாமல் வான்மதி ஓரமாக அழுதுகொண்டிருப்பாள், ஒத்தடம் கொடுக்கலாம் என்று தாயும் மகளும் காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"எந்தக் கைன்னு சொன்னீங்க சார்?" என்றார் ஸ்டெல்லா.

"வலது கை."

கீழே வான்மதி அந்த வலது கையால் ஒரு ஸ்மாஷ் அடித்தாள். கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பின.

"வலி ஜாஸ்திதான் போல."

அந்த ஸ்மாஷைத் தவிர வான்மதிக்கு எதுவும் சரியாக அமையவில்லை. டபுள்ஸில் உள்ளே என்று எண்ணப்படும் ஓரப் பட்டை, சிங்கிள்ஸில் வெளியே. அவள் ஆசையாசையாய் அடித்ததெல்லாம் அங்கேயே விழுந்தது. அது போதாதென்று, ஷட்டிலை உயரத் தூக்கி அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இடது பாதியில் போய் நின்றுகொண்டாள். வலது பாதி காலியாகக் கிடந்தது. எதிராளி வாக்குப் பெட்டியில் ஓட்டுப் போடுவதுபோல நிதானமாக அங்கே போட்டாள். ஒருமுறை ஷட்டில் அந்தக் காலி இடத்துக்கு வந்தபோது, வான்மதி அதைப் பார்க்காமலே கத்தினாள்:

"ஜெனி, உன்னது!"

என் வரிசையில் ஜெனி எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கும் பழக்கம்தானே.

அவள் எழுந்த சத்தம் கேட்டு வான்மதி மேலே பார்த்தாள். அதற்கப்புறம் அவள் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆறு புள்ளியோடு தோற்று, மேலே ஏறி வந்தாள்.

"வீட்ல விசேஷம்னியாமே?"

"உனக்குக் கை முடியலன்னாங்கடி."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நல்ல டபுள்ஸ் ஜோடிக்கு அந்த ஒத்திசைவு தானாக வரும்.

பாதிப் பேர், பாதிப் புகழ் என்று என் கணக்கை விளக்கினேன். வீட்டில் சரியாக இருந்த கணக்கு அங்கே சொல்லும்போது நாறியது. வான்மதி என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டெல்லாதான் பேசினார், குரலை உயர்த்தாமல்.

"இதுல ஜெயிக்கிற சர்டிபிகேட்ட வச்சித்தான் சார் இவளுக்கு காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் சீட்டு கேக்கலாம்னு இருந்தோம். எங்களுக்கு வேற வழி கெடயாது."

எழுந்து போகும்முன் வெந்நீர்ப் பையை என் மடியில் வைத்தார். "இத நீங்களே வச்சிக்குங்க. எங்கயாச்சும் வலிக்கும்."

பையோடு நான் போட்டிச் செயலாளரிடம் ஓடினேன். டபுள்ஸ் மதியம்தான். வந்திருக்கும் எட்டு ஜோடியிலும் ஜோடிக்கு ஒரு வீட்டுப் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எட்டுக் குடும்பத்திடமும் போய் என் பொய்யைச் சொன்னேன். நாலாவது தடவை கதை நன்றாகவே வந்தது. ஒருவர், மனைவி சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாள், அவள் வந்ததும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார். ஏழு கையெழுத்து வந்தது. எட்டாமவர் கீரப்பாளையத்து விவசாயி. பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க பசங்க வந்தா எம்பொண்ணு தோத்துடும் சார். நீங்க சொன்ன பொய்க்கு அது ஏன் தோக்கணும்?"

ஏழு கையெழுத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஜெனிக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்தாள். நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். தினமும் விடியற்காலை கடலூர் பஸ் நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்று, அவளை அரங்கத்துக்கு அழைத்துப் போய், பயிற்சி முடிந்ததும் கடை திறக்கும்முன் பஸ் ஏற்றிவிட்டேன். அவள் தன் மட்டையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் பேசினாள்.

"அங்கிள், ஸ்பீட் பிரேக்கர்."

அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஜெனிக்குச் சிராய்ப்புகூட இல்லை. எனக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அன்று மாலை, கழுத்திலிருந்து மாவுக்கட்டு தொங்க நான் படுத்திருந்தபோது ஸ்டெல்லா வந்தார். சிதம்பரம் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. கட்டை நன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எந்தக் கை சார்?"

முதலில் சிரித்தது ஜெனி. அப்புறம் வான்மதி. அவளும் அதுவரை என்னிடம் தேவைக்கு மேல் பேசாமல்தான் இருந்தாள்.

அடுத்த வருடம் இருவரும் அதே சிதம்பரத்தில் ஜெயித்தார்கள். விண்ணப்பத்தை வான்மதியே நிரப்பினாள். ஜெனி ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரிக்குப் போனாள். அந்த ஒரு வருடத்தை நான் அவளுக்குத் திருப்பித் தரவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிப் போனது அதற்கு ஈடு என்று நான் நினைத்ததும் இல்லை.

ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நான் எந்தச் சாக்கும் சொல்ல முடிவதில்லை. போன வாரம் ஒரு தூரத்து உறவினர் கல்யாணம். வயிற்று வலி, வரவில்லை என்றேன். என் மனைவி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்:

"எந்தக் கை?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.